பசியோடு கேட்ட ஜெபம்

அன்று அந்த அறையில் அம்மா இருந்தா, ஐயா இருந்தார். தங்கச்சி எஸ்தர் கட்டிலில் கிடந்தாள். நான் தலைமாட்டில் நின்றேன். டொக்டர் பார்த்துவிட்டுப் போய்விட்டார். போதகர் ஊரில் இல்லை. எங்கள் சபை அருளப்பு வரவில்லை. அவன் வராமலே இருக்கட்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தருக்கு டைபொயிட் என்கிற நெருப்புக் காய்ச்சல், தொடங்கி மூன்றாம் வாரம். அரிசி கூப்பனுக்கு வந்த இந்த யுத்தகாலத்தில்தான். சோறோ பாணோ கொடுத்தால் குடல் தாங்காது, பார்லித் தண்ணி மட்டும் கொடுங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதை அவள் குடிக்க வேண்டுமே! வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். “தண்ணி இறங்காட்டில் பிள்ளை தங்காது” என்று டொக்டர் வாசலில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவன் நான். ஐயா கடைகளில் மூட்டை இறக்குகிறவர். நான் கொழும்புக் கோட்டையில் கிளாக்கர். எங்கள் கொட்டாஞ்சேனைச் சபையில் வேதம் வாசிக்கிறது நான்தான். ஆனால் வீட்டில் நோய் என்றால் சனங்கள் தேடுவது தெமட்டகொடை ரயில்வேயில் இருக்கிற அருளப்புவை. அவனுக்கும் என் வயதுதான், அவனும் என்னைப்போல் கிளாக்கர்தான். ஜெபம் செய்தால் நாலு வசனம் சேர்ந்து வராது. பிறகு ஏன் எல்லாருக்கும் அவன் வேண்டும்? இது என் நெஞ்சில் வெகுநாளாக எரிந்தது.

“அருளப்புத் தம்பியைக் கூப்பிடன்” என்றா அம்மா.

“ஏன், என்ர ஜெபம் பரலோகத்துக்குப் போகாதோ?”

“அது போகும் ராசா. பிள்ளைக்குத் தண்ணி போகேல்லையே.”

ஐயா போய் அவனைக் கூட்டிவந்தார். வந்தவன் ஜெபமே செய்யவில்லை. இரண்டு கோப்பையில் பார்லித் தண்ணி வாங்கினான். “காலமேயிருந்து நானும் ஒண்டும் சாப்பிடேல்லை, எஸ்தர். உனக்கு இதுதான் எண்டால் எனக்கும் இதுதான். இந்தக் கழுநீரைக் குடிச்சு நான் செத்தால் உன்ர கொண்ணன்தான் பிரசங்கம் வைப்பான். அதுக்குப் பயந்தெண்டாலும் உயிரோட இருப்பம், குடி.”

அவள் சிரித்தாள். மிடறு மிடறாகக் குடித்தாள்.

குசினியில் மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டு நான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். என் சொந்தத் தங்கச்சி! சந்தோஷப்பட வேண்டியவனுக்கு எரிச்சல்தான் வந்தது.

“அவன் குடுத்தால் குடிக்கிறாள், நான் குடுத்தால் துப்புறாள்” என்று அம்மாவிடம் பாய்ந்தேன்.

“நீ மீன் மணக்க மணக்க வந்து குடி குடி எண்டால் அவள் என்ன செய்வாள்?”

மறுநாள் அருளப்புவுக்கு வேலை. பொழுதுபட்ட பிறகுதான் வரமுடியும். எஸ்தர் பழையபடி வாயை மூடிக்கொண்டாள். உதடு வெடித்து, கண் உள்ளே போய்விட்டது. நான் குசினியில் முழங்காலிட்டேன். படித்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. “ஆண்டவரே, அவனுக்குக் கொடுத்ததை எனக்கும் தாரும். அவள் என்ர தங்கச்சி” என்று மட்டும் சொன்னேன். முழுக்கப் பொறாமை. அந்த ஜெபத்துக்குத்தான் அவர் செவிகொடுத்தார்.

எழும்பினபோது அம்மா சோறு போட்டு வைத்திருந்தா. எனக்கு அதில் கை வைக்க மனம் வரவில்லை. ஏனென்று அப்போது விளங்கவில்லை. இரண்டு கோப்பையோடு கட்டிலடியில் போய் இருந்தேன். மத்தியானம் கழிந்தது. என் வயிறு பெரிதாகச் சத்தம் போட்டது.

அவள் திரும்பினாள். “அண்ணா, உங்கட வயிறோ அது?”

“ஓம்.”

“சாப்பிடேல்லையோ?”

“நீ சாப்பிடுற அண்டைக்குத்தான் நானும்.” ஒரு மிடறு குடித்தேன். முகம் தானாகச் சுளித்தது.

“அருளண்ணா முகம் சுளிக்கேல்லை.”

அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது. “அவன் பொய்க்காரன்” என்றேன். அவள் சிரித்துவிட்டாள். கோப்பைக்குக் கை நீட்டினாள்.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். காய்ச்சல் இறங்கியது. இன்று எஸ்தர் பள்ளிக்கூடம் போகிறாள். இப்போது நோயாளி வீடுகளுக்கு அருளப்புவும் நானும் சேர்ந்தே போகிறோம். அங்கே யாராவது அவனை முதலில் கூப்பிட்டால் இன்னும் எனக்கு நெஞ்சு எரிகிறது. அதையும் மறைக்காமல் ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறேன்.

சகோதரரே, உங்கள் வீட்டில் ஒருவர் படுத்திருந்தால், அழகான வார்த்தை வரும்வரை காத்திராதேயுங்கள். அவரோடு போய் இருங்கள், அவருக்கு இல்லாதது உங்களுக்கும் இல்லாமல் இருக்கட்டும். இயேசு அங்கே வருவார், நான் கண்டேன். எந்தப் பெரிய டொக்டர், எவ்வளவு காசு பிடித்தது என்று பலர் கேட்கிறார்கள். வழமையான டொக்டர்தான். அவருக்கும் மருந்துக்கும் பார்லிக்கும் சேர்த்து முப்பத்தொரு ரூபாய்.