மஞ்சள் கழனி

என் அத்தை தன் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு போர்வை தைத்தாள். அதைச் சுற்றி நின்று எங்கள் வீட்டு ஆண்கள் நடந்துகொண்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அத்தை, அப்பாவின் தங்கை. பாகூர் ஏரிக்குக் கீழே இருக்கும் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். சேதராப்பட்டில் கம்பெனி வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். அது புதுச்சேரியின் மறுகோடி, பஸ் மாறிப் போக வேண்டும்.

"அங்க போயி ஊரு ஞாபகம் வந்தா இன்னா பண்றது? போத்திக்கினு படுத்துக்கிறேன்" என்று சொல்லி, அம்மாவின் பழைய நூல்புடவைகளை இரண்டு மூன்றாக அடுக்கி, அதன்மேல் மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்டு எங்கள் ஊரையே ஒரு போர்வையாகத் தைக்க ஆரம்பித்தாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் வரைபடம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்ததால் அவளுக்கு யோசனை சொல்லும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். வடக்குத்தான் மேலே இருக்க வேண்டும் என்றேன். "தண்ணி எங்கேருந்து வருதோ அதாண்டி மேல" என்று சொல்லி ஏரியை மேலே வைத்தாள். என் பழைய நீலப் பாவாடைதான் ஏரி. வெள்ளை நூலில் ஓட்டுத்தையல் போட்டதும் அதில் அலை வந்துவிட்டது. கிழிந்த குடைத்துணி பஸ் ரோடு ஆனது.

சாயங்காலங்களில் என்னை வரப்பு வரப்பாக இழுத்துக்கொண்டு போவாள். எந்தக் கழனி எங்கே வளைகிறது என்று பார்த்து, வீட்டுக்கு வந்ததும் செய்தித்தாளில் அதே வளைவை வெட்டுவாள். ஒவ்வொரு கழனிக்கும் அதன் சொந்தக்காரர் உடுத்திய துணி. பெரியப்பாவின் கழனிக்கு அவருடைய கட்டம்போட்ட லுங்கி. அப்பாவின் கழனிக்கு அவருடைய வேட்டி. மதகடியில் இருந்த சின்னக் கழனிக்கு மட்டும் தன் மஞ்சள் தாவணியை வெட்டினாள். அது உனக்குத்தான் என்று தாத்தா சாகும்வரை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்த கழனி. அங்கே நாற்று நட்டதும் களை எடுத்ததும் பெரும்பாலும் அவள்தான்.

கல்யாணம் நெருங்கி, சீர் சாமான்களைக் கூடத்தில் பரப்பினார்கள். அண்டா, குத்துவிளக்கு, மிக்ஸி, நடுவில் போர்வை. வந்த பெண்கள் குனிந்து அவரவர் வீட்டைத் தேடினார்கள். பெரியப்பாவும் வந்து பார்த்தார். தன் லுங்கியை அடையாளம் கண்டு சிரித்தார். பிறகு அவர் விரல் மதகடியில் போய் நின்றது.

"இது இன்னா மஞ்சளு?"

"என் கழனிண்ணே" என்றாள் அத்தை.

"உன் கழனியா? காலையில பாகூரு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து உன் பங்க எழுதிக் குடுக்கப் போற. அப்புறம் இன்னா உன் கழனி?"

"எழுதித் தரேன்னு நான் சொல்லலையே."

பெரியப்பா குரலை உயர்த்தவில்லை. "இதப் பாத்துட்டு நாளைக்கு மாப்ள வூட்டுக்காரன் வந்து வரப்புல நிக்கணுமா? கையெழுத்து போடலன்னா, தார வாத்துக் குடுக்க வேற யாரையாவது பாத்துக்கோ" என்றார்.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்க்கப் போன அண்ணன் அவர். அப்பா மிக்ஸியின் அட்டைப்பெட்டியை எடுத்து, அதில் அச்சடித்திருந்ததைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். அதற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பெரியப்பா என் அம்மாவிடம் திரும்பினார். "ஏம்மா, அந்த மஞ்சளப் பிரிச்சுட்டு ஒரு பச்சைய வெச்சுத் தெச்சுடு. நாலு பேரு பாக்கற பொருளு."

மறுநாள் காலை அத்தை பாகூருக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். பந்தல் போட்ட வீட்டில் அவள் வேறென்ன செய்திருக்க முடியும் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தக் கழனியில் இப்போது மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். விற்றது அண்ணன்கள் இரண்டு பேரும்தான்.

கையெழுத்துப் போட்ட அன்று மத்தியானம் அம்மா போர்வையை மடியில் போட்டுக்கொண்டு பிளேடை எடுத்தாள்.

"நான் மட்டும் இன்னா? எங்க அண்ணனுங்க கேட்டப்ப எழுதிக் குடுத்துட்டுத்தான வந்தேன்" என்றாள், கடுகடுவென்று.

அம்மா தையல் பிரிப்பதில் கெட்டிக்காரி. என் பாவாடையின் மடிப்பைப் பிரித்து இறக்கினால் பழைய தையலின் தடம்கூடத் தெரியாது. மஞ்சளையும் அப்படித்தான் எடுத்தாள், ஒரு நூல் பிசகாமல். மடித்து அத்தையின் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு பிளேடு லுங்கியின்மேல் ஏறியது. ஒரு வரப்பிலிருந்து மறு வரப்புவரை இழுத்தாள். அங்கிருந்து வேட்டிக்குப் போனாள். அது டர்ரென்று கிழிந்தது.

"கை தவறிடுச்சி" என்றாள் அம்மா, நிதானமாக.

அத்தை கிழிசலைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பச்ச வெக்க வேணாம் அண்ணி. அப்டியே எடுத்துக்கினு போறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. வரப்பு வரப்பாக நடந்து பார்த்துப் பார்த்து வெட்டிய ஊர். பிளேடு பிடிக்கத் தெரியாதா என்று அம்மாவிடம் கத்திவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் கொல்லையில் போய் உட்கார்ந்துகொண்டேன். வீட்டில் எல்லாரும் சேர்ந்து அத்தையின் போர்வையைப் பாழாக்கிவிட்டார்கள், அதிலும் மோசமானவள் அம்மாதான் என்று அன்றைக்கு நான் உறுதியாக நம்பினேன்.