கொம்பு முளைத்த புழு

"தலை இருந்தாத்தான் ஆளு. வாலையெல்லாம் யாரும் எண்ணாதீங்கப்பா" என்று ஆளில்லாத அறையில் அறிவித்தபடியே, புழு அக்கா கடல் சேற்றைச் சல்லடையில் கொட்டிக் குழாய் நீரில் அலசுகிறாள். சேற்றில் வாழும் புழுக்கள் அலசும்போதே இரண்டு மூன்றாய் அறுந்துவிடும். அதனால் தலையை மட்டும் எண்ணுவது இந்தத் தொழிலின் சட்டம். இருபத்திரண்டு வருடமாக எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

கடலை ஆராய்கிறவள் கடலுக்குப் போனது ஒரே ஒரு தடவை. துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுக்க ஆரம்பித்தவள், ஒன்பது நாள் கழித்துக் கரையில் கால் வைத்த பிறகுதான் நிறுத்தினாள். அதன்பின் கப்பல் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுப்பதில்லை. நாலாயிரம் மீட்டர் ஆழத்துச் சேறு வாளி வாளியாக வேனில் வந்து இறங்கும். "கடலே என்னைத் தேடி வருது, நான் எதுக்குப் போகணும்?" என்பாள். பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. சேற்று நாற்றத்தில் அப்படி ஒரு வசதி.

செத்துச் சாராயத்தில் ஊறிக் கிடக்கும் புழுவிடம், "எழுந்திரு ராசா, மூஞ்சியைக் காட்டு" என்று நுண்ணோக்கி வழியாகக் கெஞ்சுவாள். எவ்வளவு நிமிர்த்தினாலும் சுருண்டே கிடக்கும் வகைக்கு 'கொழுந்தன்' என்று பெயர். வீட்டில் இது யாருக்கும் தெரியாது.

போன மாத வாளியில் ஒருவன் சிக்கினான். அரிசி நீளம், முன்பக்கம் இரண்டு நீளக் கொம்பு. எந்தப் புத்தகத்திலும் இல்லை. புதிய இனம் என்றால் கண்டுபிடித்தவரே பெயர் வைக்கலாம். நாளை அதைப் பற்றி எவர் எழுதினாலும் கண்டுபிடித்தவர் பெயரையும் சேர்த்து எழுதுவார்கள். அக்காவுக்கு ஆசை. சும்மா சொல்லக்கூடாது, கொள்ளை ஆசை. "என் பேரை மட்டும் வச்சிடாத தாயே" என்று வீட்டுக்காரர் கும்பிட்டார். "உங்களுக்கு ஏதுங்க கொம்பு?" என்றாள்.

ஆராய்ச்சி நிலைய இயக்குநர் அதற்குள் வாசலில் கொம்பனின் ஆளுயரப் படத்தை மாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரர்கள் வருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை பகலில், அதே வாளியில் மிஞ்சிய, மற்றவர்கள் கொட்டிவிடும் கசடை அவள் வழக்கம்போல் இன்னொரு முறை புரட்டினாள். கடுகளவு தலை ஒன்று கிடைத்தது. மாணவர்கள்கூட அடையாளம் சொல்லிவிடும் சாதாரணப் புழுவின் தலை. அறுந்த இடம் கோணல். கொம்பனின் பின்பக்கமும் அதே கோணல். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது.

கொம்பு கொம்பே இல்லை. வால் நுனியில் தொங்கும் இரண்டு இழை, இவனுக்கு மட்டும் கொஞ்சம் நீளமாக வளர்ந்துவிட்டது. ஆசை கண்ணை மறைக்க, இருபத்திரண்டு வருட அனுபவசாலி ஒரு புழுவின் பிட்டத்தைப் பார்த்து முகம் என்று மயங்கியிருக்கிறாள். அந்தப் பிட்டம்தான் வாசலில் ஆளுயரத்துக்கு நின்று எல்லோரையும் வரவேற்கிறது.

"அடப்பாவி" என்றாள். சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. இனி இப்படி ஒருவன் எப்போது சிக்குவான்? அவள் ஓய்வுபெற இன்னும் மூன்றே வருடம்.

தலையை இடுக்கியால் எடுத்தாள். கழுவு தொட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான். கடுகளவு தலைக்காக யார் வந்து சாட்சி சொல்லப் போகிறார்கள்? குழாயைத் திறந்தாள். தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இடுக்கியை அவள் அழுத்திப் பிடித்தபடியே நின்றாள்.

கதவு திறந்தது. "எங்கம்மா நம்ம ஹீரோ? என்ன பேரு வைக்கிறதா முடிவு பண்ணீங்க?" என்று இயக்குநர் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

"பேரு ஏற்கெனவே இருக்கு சார். வந்து உக்காருங்க."

அக்கா குழாயை மூடினாள். தலையைத் தட்டில் வாலோடு சேர்த்து வைத்தாள். பிறகு குனிந்து, நெட்டையான அந்த மனிதரின் கண் சரியாக நுண்ணோக்கிக்கு நேரே வரும்படி, தன் நாற்காலியை நான்கு திருகு கீழே இறக்கினாள்.