நடுவில் குத்திப் பார்த்த புத்தகம்

மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் சரக்கைப் பார்க்க மிளகு வியாபாரிகள் ஒரு குத்தூசி வைத்திருப்பார்கள். ஒரு சாண் நீளம், கூர்மையான முனை, நடுவில் நீளவாட்டில் ஒரு பள்ளம். சாக்கில் குத்தி இழுத்தால் அந்தப் பள்ளத்தில் கொஞ்சம் மிளகு வந்துவிடும். கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் அது இல்லாத கடை கிடையாது. ஆனால் ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் மேசைமேல், மவுசுக்குப் பக்கத்தில் அதை வைத்திருந்தவர் எங்கள் முதலாளி ஒருவர்தான். அவரை நினைத்தால் முகத்துக்கு முன்பாக அந்தக் குத்தூசிதான் எனக்கு ஞாபகம் வருகிறது. பேசும்போது அதை எடுத்துக் காற்றில் ஆட்டுவார். எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மிளகு விலை விழுந்து கிடந்த காலம். கீழே கடையில் சரக்கு தேங்க, மாடிக் கிடங்கு காலியாகக் கிடந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு முதலாளி அங்கே ஆறு கம்ப்யூட்டர்களை இறக்கிச் சென்டர் தொடங்கிவிட்டார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது சூடாகும், பூனை ஏறிப் படுக்கும் என்பதுதான். ஆனால் காக்கநாட்டு ஐ.டி. பார்க்கில் கார்ட்டூன் செய்யும் கம்பெனி ஒன்று வந்திருக்கிறது, முப்பரிமாண உருவம் செய்யத் தெரிந்தவர்களைத் தேடுகிறது என்று எப்படியோ தெரிந்துகொண்டார். முதல் வகுப்பில் சேர்ந்த ஆறு பேரில் நானும் ஒருத்தி. தாத்தா காலத்தில் நகராட்சி வேலைக்காகக் கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அதே நகராட்சியில்தான் மேஸ்திரியாக இருந்தார். பி.காம் முடித்த பெண் படம் வரையப் போகிறேன் என்றதும் அவர் கத்தவில்லை, மிரட்டவில்லை. எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் எனக்கு இடம் சொல்லிவைத்துவிட்டு, "ஓணம் வரைக்கும் வரைஞ்சுக்கோ. அப்புறம் சேலை மடிக்கப் போயிரு" என்றார். சேலை மடிப்பது கேவலமான வேலையில்லை. ஆனால் அந்தக் கடைக்குள் போனால் நான் திரும்பி வரமாட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

சென்டரில் வாத்தியார் கிடையாது. வந்தவர் சம்பளத்தைக் கேட்டுவிட்டு அப்படியே படியிறங்கிப் போய்விட்டார். "வாத்தியாருக்குப் பதிலா நல்ல புக்கு ஒண்ணு வாங்கிட்டா போச்சு" என்று முதலாளி முடிவுசெய்தார். அந்தச் சாஃப்ட்வேரைக் கற்றுத்தரும் புத்தகங்கள் அன்று தலையணை பருமனில், எங்களால் தாங்க முடியாத விலையில் வரும். பிராட்வே புத்தகக் கடைக்காரர் முதலாளியின் பழக்கத்துக்காக நான்கு புத்தகங்களைப் பார்க்கக் கொடுத்தனுப்பினார். ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கசங்காமல் திருப்பித் தர வேண்டும். எங்களில் ஆங்கிலம் கொஞ்சம் வாசிக்கக்கூடியவள் நான் என்பதால் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து முதலாளி பக்கத்தில் அமர்ந்தார். முதல் பக்கத்தைத் திறந்தேன். குத்தூசி என் கைமேல் மெதுவாகத் தட்டியது.

"மேலாப்புல எவனும் நல்ல சரக்கத்தான் வெப்பான் மோளே. நடுவுல குத்து."

குத்தூசியைப் பக்கங்களுக்கு நடுவே அவரே செருகினார். விரிந்த பக்கத்தை வாசித்து, அதில் சொன்னபடி நான் செய்ய வேண்டும். முதல் புத்தகம் ஆளைக் கொல்லும் கனம். நடுப்பக்கத்தில் மெனுக்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரில் அதே பெயரை நீட்டி எழுதியிருந்தார்கள். 'சுழற்று' என்பது பொருளைச் சுழற்றப் பயன்படும் என்று இருந்தது. முதலாளிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "வோட்டர் லிஸ்ட் அச்சடிச்சவன் எழுதுன புக்கு. தள்ளி வை" என்றார். இரண்டாவதில் வரிக்கு வரி 'வட்டில் உள்ள கோப்பைத் திறக்கவும்' என்று இருந்தது. பின்னட்டை உறையில் அந்த சி.டி. வட்டு இல்லை, அது இருந்த வட்டத் தடம் மட்டும் இருந்தது. பந்திக்குக் கூப்பிட்டு வெறும் இலையைக் காட்டுகிறான் என்று அதையும் தள்ளினார்.

மூன்றாவதை எழுதியவர் ஒரு பூனை வளர்த்தார். வைக்கோல் நிறத்தில் இருந்த அந்தப் பூனையைத்தான் புத்தகம் முழுக்கச் செய்துகொண்டே போகிறார். ஓர் இடத்தில் கால் தரைக்குள் புதைந்துவிட்டது, ஏன் என்று எனக்கே தெரியவில்லை, நீங்களும் இழுத்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். நடுநடுவே பூனைக்குக் காய்ச்சல் வந்த கதை வேறு. கிடங்கில் எலிக்காகப் பூனைகள் வளர்த்த முதலாளிக்கு அந்தக் கதை பிடித்துப்போய், "காய்ச்சல் தெளிஞ்சிருச்சா, அடுத்த பக்கம் பாரு" என்று ஐந்தாறு பக்கம் வாசிக்க வைத்தார். தெளிந்துவிட்டது என்று தெரிந்ததும் நிம்மதியாகி, "ஆளு நல்லவன். ஆனா அவனுக்கே தெரியலையே" என்று புத்தகத்தை மூடினார். தேவராவிலிருந்து வந்து எங்களுடன் படித்த சேச்சி மட்டும் விடவில்லை. அவள் கணவன் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தான். பகலெல்லாம் சும்மா இருக்க முடியாமல் சேர்ந்தவள். "முதலாளி, எனிக்கு இந்தப் பூனைக்காரன் மதி, போதும். ஒந்நும் அறியாத்தவன்தான் நமக்குச் சேரும்" என்று சொல்லி அந்தப் புத்தகத்தைத் தன் காசிலேயே வாங்கிக்கொண்டாள்.

நான்காவது புத்தகத்தின் நடுவில் ஒரு மேசை விளக்கு இருந்தது. இந்தப் பொத்தானை அழுத்து, இந்த எண்ணைத் தட்டு, இங்கே இழு என்று ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டிருந்தார்கள். யோசிக்கவே வேண்டாம். சொன்னதைச் சொன்னபடி செய்தேன். கடைசி வரியை முடித்தபோது திரையில் பித்தளை விளக்கொன்று எரிந்தது, அதன் வெளிச்சம் சுவரில் விழுந்தது. முதலாளி மூச்சுவிடாமல் பார்த்தார். "கரண்டு போனா இதும் அணஞ்சிருமா?" என்று கேட்டு வாயை மூடவில்லை, மின்சாரம் போய்விட்டது. இருட்டில் அவர் வெகுநேரம் சிரித்தார். புத்தகம் அன்றே உறுதியானது. சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு பிழையில்லாத புத்தகத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

சேச்சியைத் தவிர நாங்கள் ஐந்து பேரும் அந்தப் புத்தகத்தை மனப்பாடம் செய்தோம். விளக்கு, நீலப்பட்டை போட்ட படகு, மேசைமேல் ஆப்பிள் வைத்த அறை. எந்தப் பக்கத்தில் எந்த எண் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். அந்தப் பக்கம் சேச்சி பூனையின் காலைத் தரைக்குள்ளிருந்து இழுப்பதும், வால் தலைப்பக்கம் முளைப்பதும், "எடா துஷ்டா!" என்று எழுத்தாளரைத் திட்டுவதுமாக இருந்தாள். எங்களுக்கு அவளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். முதலாளி பஜாரில் எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் மாடிக்கு இழுத்துவந்து எங்கள் விளக்குகளைக் காட்டுவார். சேச்சியின் திரைக்கு முன்னால் வரும்போது மட்டும் நடையை எட்டிப் போடுவார்.

ஓணத்துக்கு முன்பாகக் காக்கநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு சார் ஆள் எடுக்க வந்தார். முதலாளி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே நின்றார். முதல் பையனின் விளக்கைப் பார்த்து சார், "கொள்ளாமே" என்று பாராட்டினார். அடுத்தவனுடையதைப் பார்த்துப் புன்னகைத்தார். மூன்றாவதாக நான். அறை திரையில் வந்ததுமே, "இனி வாதில் திறக்கும். ஆப்பிள் உருண்டு தாழெ வீழும். அல்லே?" என்றார். கதவு திறந்தது. ஆப்பிள் உருண்டு கீழே விழுந்தது. நான் மவுசிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். முதலாளியோ சொக்கிப்போய், "பாத்தீங்களா, வர்றதுக்கு முன்னாலயே சொல்லுறாரு! என்னா தெறம!" என்று எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சார் திரும்பி, நானும் இந்தப் புத்தகத்தில்தான் படித்தேன் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

பிறகு மூலையில் கிடந்த மிளகு மூட்டை ஒன்றைக் காட்டி, அதைச் செய்யுங்கள் என்றார். புத்தகத்தில் மூட்டை இல்லை. ஒரு பெட்டியை வரைந்துவிட்டு அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தேன். எண்ணைச் சொல்ல யாருமில்லை. மற்ற நால்வரின் திரையிலும் பெட்டிதான். சேச்சி தன் பூனையை எடுத்தாள். அதன் காலையும் வாலையும் அழித்தாள், வயிற்றை இழுத்து இழுத்து ஊதவைத்தாள். தைத்த சாக்கின் மேல்மூலைகள் இரண்டும் துருத்திக்கொண்டு நிற்குமே, அதற்குப் பூனையின் காதுகளை அப்படியே விட்டுவிட்டாள். கோணலும் மாணலுமாக, ஆனால் பார்த்தால் தும்மல் வரும்போல் ஒரு மிளகு மூட்டை அங்கே உட்கார்ந்திருந்தது. சார் சேச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு முதலாளி எங்கள் ஐந்து திரைகளிலும் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் பக்கத்தில் வந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "மொளகுல பப்பாளி வெத கலந்திருந்தா எப்படித் தெரியும்? நல்ல மொளகு மணிக்கு மணி மாறும், பப்பாளி வெத எல்லாம் ஒண்ணுபோல இருக்கும். இத்தன வருசமா வியாபாரம் பண்றேன், என் மாடியிலயே அஞ்சு பப்பாளி வெதய வெச்சுக்கிட்டு ஊரக் கூட்டிக் காட்டியிருக்கேன் பாரு." எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிராட்வேயின் சேலைகள் கண்முன் அடுக்கடுக்காக நின்றன. நான் அழுததைப் பார்த்து முதலாளியின் கோபம் புத்தகத்தின்மேல் திரும்பியது. அதைத் தூக்கிக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பிராட்வேக்குக் கிளம்பிவிட்டார். அத்தனை மாதம் புரட்டிய புத்தகத்தை! கடைக்காரர் அதைத் திறந்ததும் மிளகுத் தூசி ஏறித் தும்ம ஆரம்பித்து, பேச்சுவார்த்தை அத்தோடு முடிந்துபோனதாகக் கேள்வி.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் முதலாளி எங்கள் வீட்டு வாசலில் குடையோடு நின்றார். அப்பாவிடம், "மேஸ்திரி, புள்ளய ஒரு நாளைக்குக் கடன் குடுங்க" என்றார். படகுத்துறையில் வரிசையில் நின்று எர்ணாகுளத்துக்குப் படகு ஏறினோம். அங்கிருந்து காக்கநாட்டுக்கு நெரிசலான பஸ்ஸில் போனோம். பார்க்கின் குளிர்ந்த வரவேற்பறையில் அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சலாம் சொன்னார். சார் இறங்கி வந்ததும் எழுந்து, "சாரே, நீங்க மேலாப்புல பாத்துட்டுப் போயிட்டீங்க. இந்தப் புள்ளய நடுவுல குத்திப் பாருங்க" என்றார். வாசலில் நின்ற செக்யூரிட்டி இரண்டடி முன்னால் வந்துவிட்டான். நான் அவசரமாக அர்த்தத்தை விளக்க வேண்டியதாயிற்று.

சார் தலையைச் சொறிந்துவிட்டு என்னை உள்ளே அழைத்துப்போய், முதலாளியின் குடையைச் செய்யச் சொன்னார். எந்தப் பக்கமும் மனதில் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் கைப்பிடியிலிருந்து தொடங்கினேன். அழித்தேன், திரும்பத் தொடங்கினேன், அழித்தேன். நான் முடித்தபோது கம்பிகள் எல்லாம் மேல்நோக்கி விரிந்து, புயலில் அகப்பட்ட குடைபோல அது நின்றது. அவ்வளவு அவலட்சணமான ஒன்றை நான் அதற்கு முன் செய்ததில்லை. புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் அதற்கு முன் செய்ததில்லை. சார் வெகுநேரம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து பயிற்சிக்கு வரச் சொன்னார். படகில் திரும்பும்போது முதலாளி தூங்கிவிட்டார். படகுத்துறை வந்ததும் எழுப்பினேன்.

அடுத்த வருடங்களில் மிளகு விலை ஏற, மாடியில் மறுபடி மூட்டைகள் ஏறின. முதலாளி இப்போது இல்லை. நான் காக்கநாட்டிலேயே இருந்து, இன்று நானே ஆள் எடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். புதிதாக வருகிறவர்கள் எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று கேட்பார்கள். இன்று இருப்பவற்றில் சில மிக நல்லவை. குறைநிறைகளைச் சொல்லி ஒன்றிரண்டின் பெயரைச் சொல்வேன், சளைக்காமல் சொல்வேன். ஆனாலும் என் வேலைக்கு அந்தக் குடைதான் காரணம் என்றே பல காலம் நம்பிக்கொண்டிருந்தேன். சார் ஓய்வு பெற்ற அன்று தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில், அந்தக் குடையில் அப்படி என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"குட மகா மோசம். பக்ஷே நீ அத வரைஞ்சிட்டிருந்தப்போ அந்த முதலாளி வெளியில என் கையப் புடிச்சு, இந்நு எடுக்கலைன்னா அடுத்த செவ்வாயும் வருவேன், அதினடுத்த செவ்வாயும் வருவேன்னு பறஞ்ஞு. ஆளப் பாத்தா வருவார்னு தோணிச்சு."

என் அலமாரி நிறைய இன்று புத்தகங்கள் இருக்கின்றன, ஒன்றைவிட ஒன்று தெளிவாக எழுதப்பட்டவை. அவற்றில் ஒன்றுகூட எனக்காகப் படகுத்துறையில் வரிசையில் நின்று, காக்கநாடு வரை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்ததில்லை.