சட்டம் போட்ட என் படம்

எட்டு வயதில் ஓகோவென்று கிளம்பிய என் நடிப்புத் தொழிலை ஒரே காலையில் இழுத்து மூடியவள் என் அம்மா. அதற்காக அவள் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

திண்டுக்கல் துணிக்கடை ஒன்றின் விளம்பரத்தில் பட்டுப்பாவாடையோடு சுற்றி வந்ததைப் பார்த்துத்தான் டிவி சீரியல்காரர்கள் கூப்பிட்டார்கள். ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் ஷூட்டிங். கதாநாயகியின் மகளாக ஓடினேன், சிரித்தேன், காய்ச்சலில் படுத்தேன். பிறகு என்னுடைய போட்டோ ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். பெரிதாக்கி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்களாம். காட்சி முடிந்ததும் எனக்கே தந்துவிடுவதாக மேனேஜர் சொன்னார். வகுப்பில் ஒருத்தி பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன்.

எங்கள் தோட்டத்தில் சம்பங்கி போட்டிருந்தோம். அதைத் தெரிந்துகொண்டு, ஒரு மாலை கட்டி வரும்படி அம்மாவிடமே கேட்டார்கள். எதற்கென்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. பூஜை போடுவார்கள் என்று நினைத்து அவள் விடியக் கருக்கலில் பூப்பறித்து, தடிமனாகக் கட்டி, ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தாள். இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஆட்கள் மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

மாலையை வாசலிலேயே வாங்கிக்கொண்டு போனார்கள். செத்த நேரம் கழித்து நாங்கள் கூடத்தை எட்டிப் பார்த்தோம். சுவரில் அம்மாம் பெரிதாக நான். நெற்றியில் சந்தனப்பொட்டு, கழுத்தில் சம்பங்கி மாலை, கீழே விளக்கு. கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா கேமராவுக்குக் குறுக்கே நேராக நடந்துபோய்ப் படத்தைக் கழற்றினாள். மேனேஜர் ஓடிவந்து, கதையில்தானே அக்கா, பிள்ளை சாகிறது என்று சமாதானம் சொன்னார்.

"எம்புள்ள உசுரோட நிக்கிறா. அவளுக்கு எங்கையாலயே மாலை கட்ட வச்சுட்டீகளே," என்றாள் அம்மா. குரல் உயரவே இல்லை.

மாலையைப் பிய்த்து எறிந்தாள். சட்டத்தைப் பிரித்து, எனக்குத் தருவதாகச் சொன்ன படத்தைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தாள். நான் தரையில் புரண்டு அழுதேன். நான் பெரிய ஆளாவது அவளுக்குப் பொறுக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் என் கையைப் பிடித்தவள் திண்டுக்கல் வரும்வரை விடவில்லை. வலிக்கிறது என்று உருவிப் பார்த்தேன். பிடி இன்னும் இறுகியது.

"வலிக்கட்டும் தாயி. நல்லா வலிக்கட்டும்," என்றாள்.

பெற்றவள் பேசுகிற பேச்சா இது என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.