தொட்டியும் தொட்டிலும்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடிப்பெருக்கு நாளில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

ஆரம்பம் என்னவோ பல்வலிதான். மன்னார்புரத்தில் ஒரு பல் டாக்டரிடம் ஐந்தாறு முறை போக வேண்டியிருந்தது. அங்கே காத்திருக்கும் இடத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். ஆரஞ்சு நிற மீன்கள் போவதும் திரும்புவதுமாக இருப்பதைப் பார்த்தால் வலியே மறந்துவிடும். மகள் வேலை கிடைத்து பெங்களூரு போன பிறகு வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். டிவியை விட்டால் பேச்சுக் குரலே கிடையாது. பல் சரியாகிவிட்டது, ஆசை மட்டும் தங்கிவிட்டது.

"அதே மாதிரி, அதே சைஸ்ல நமக்கும் வேணும்" என்றேன் கணவரிடம்.

"சின்னதா ஆரம்பிக்கலாமே" என்றார் அவர். அவர் பேச்சை நான் எப்போது கேட்டிருக்கிறேன்!

காட்டூரில் ஒரு கடையில் ஆர்டர் கொடுத்தோம். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கடைக்காரர் நல்ல மனிதர். "தண்ணி, கல்லு, ஸ்டாண்டு எல்லாம் சேத்தா முக்கால் டன்னு வரும்மா. பீம் மேல வர்ற மாதிரி, சுவத்த ஒட்டி வையுங்க. மொத நாள் கால்வாசி ஊத்திட்டு விட்ருங்க. ஒண்ணும் ஆகலேன்னா மறுநாள் கொஞ்சம் ஏத்துங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் தொட்டிக்குப் பின்னால் ஒட்டும் படம் நீலத்திலா பச்சையிலா என்பதில்தான் என் கவனம் முழுக்க இருந்தது.

எங்கள் வீட்டின் அமைப்பை இங்கே சொல்லியாக வேண்டும். சொந்த வீடு. மாடியில் நாங்கள். கீழே வாடகைக்கு ஓர் இளம் தம்பதி, நான்கு மாதப் பெண் குழந்தையோடு. மாடி ஹாலுக்கு முன்னால் முதலில் ஒரு பால்கனி இருந்தது. பல வருடங்களுக்கு முன் நடுச்சுவரை எடுத்துவிட்டு, பால்கனியைச் சுற்றி ஜன்னல் வைத்து அடைத்து, ஹாலோடு சேர்த்துவிட்டோம். அதற்கு நேர் கீழே இருந்த போர்ட்டிகோவையும் கிரில் போட்டு முன்னறை ஆக்கினோம். மேலே டைல்ஸ் ஒட்டியதும் பால்கனி என்று ஒன்று இருந்ததே எங்களுக்கு மறந்துபோனது.

தண்ணீர் ஈசானி மூலையில், அதாவது வடகிழக்கில், இருக்க வேண்டும் என்பது வாஸ்து. எங்கள் வீட்டில் அந்த இலாகா என்னுடையது. ஹாலின் ஈசானி மூலை, பழைய பால்கனியின் நுனியில் இருந்தது. அது போதாதென்று நாளையும் நானே குறித்தேன். ஆடிப்பெருக்கு அன்று தண்ணீர் நிரப்பினால் வீட்டில் எல்லாம் பெருகும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். கால்வாசி ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் அது என்ன பெருக்கு? ஒரே நாளில் விளிம்பு வரை நிரப்பிவிட வேண்டும்.

அன்று காவிரிக்கரை அம்மா மண்டபம் பக்கம் கூட்டம் என்பதால் வண்டியைச் சுற்றி அனுப்பிவிட்டார்கள். காலை வரவேண்டிய தொட்டி மதியம்தான் வந்தது. கடையிலிருந்து ஒரு ஃபிட்டரும் வந்தார்; 'குட்டி யானை' லோடு வண்டியை ஓட்டிவந்த டிரைவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். "மீன் தொட்டி யாருக்குங்க?" என்று அவர் தெருவில் நின்று சத்தம் போட, எதிர்வரிசையில் நான்கு ஜன்னல்கள் திறந்தன. எங்கள் தெருவில் 'மீன்' என்ற சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

நான்கைந்து பேர் சேர்ந்து மேலே ஏற்றினார்கள். மூலையைக் காட்டினேன். டிரைவர் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்தார். டைல்ஸையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்கயேவாம்மா வைக்கிறீங்க?" என்று இழுத்தார்.

எனக்குக் கோபம் சுள்ளென்று வந்தது. ஏற்கெனவே நேரமாகிவிட்டது, ராகு காலம் வேறு நெருங்குகிறது. "வண்டி ஓட்டுறவங்க வண்டியப் பாருங்க. எங்க வைக்கணும்னு எங்களுக்குத் தெரியும்" என்றேன். அவர் இறங்கிப் போனார். ஃபிட்டரைத் திரும்ப அழைத்துப் போக வேண்டும் என்பதால் கீழேயே காத்திருந்தார்.

ஃபிட்டர் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழ் நட்ட நடுவில் நின்றது. கல் பரப்பினோம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாய் இழுத்துத் தண்ணீரைத் திறந்தோம். மஞ்சள் குங்குமம் போட்டு, கற்பூரம் காட்டி, எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் படைத்தேன். கணவர் போட்டோ எடுத்தார். மகளுக்கு வீடியோ கால் வேறு.

பாதிக்கு மேல் ஏறியபோதுதான் கவனித்தேன். தண்ணீரின் மட்டம் கண்ணாடியின் மேல்விளிம்போடு சேர்ந்து போகவில்லை. ஜன்னல் பக்கம் ஒரு விரல் அளவு ஏறியிருந்தது. கடைக்காரர் கண்ணாடியைக் கோணலாக வெட்டிவிட்டார் என்று முடிவு கட்டி, போன் போட்டுச் சண்டை பிடிக்க நம்பரைத் தேடினேன். ஃபிட்டரும் குழம்பிப்போய், ஸ்டாண்டின் காலுக்கு அடியில் சொருக ஒரு பிளைவுட் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். சரிவது தரை என்று எங்கள் யாருக்குமே தோன்றவில்லை.

அப்போது படிக்கட்டில் தடதடவென்று சத்தம். டிரைவர் செருப்பில்லாமல் ஓடிவந்தார். மூச்சிரைக்க, "தொட்டில்... தொட்டில்..." என்றார்.

"தொட்டிக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு" என்றேன் எரிச்சலோடு.

"தொட்டி இல்லீங்கம்மா. தொட்டில். கீழ பாப்பா தொட்டில்!" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கை நிறைய வெள்ளைச் சுண்ணாம்புச் சில்லு.

குடிக்கத் தண்ணீர் கேட்டுக் கீழ்வீட்டு வாசலுக்குப் போயிருக்கிறார். முன்னறையில் புடவைத் தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. புடவை மேல் பொடிப்பொடியாக வெள்ளை உதிர்ந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் கூரையும் சுவரும் சேருமிடத்தில் புதிதாக ஒரு விரிசல். "கேள்வி கேக்காதீங்க, பாப்பாவ தூக்கிட்டுத் தெருவுக்குப் போயிருங்க" என்று தாயை வெளியே அனுப்பிவிட்டுத்தான் மேலே ஓடிவந்திருக்கிறார்.

அந்தத் தொட்டில் அங்கே தொங்கக் காரணமே நான்தான். ஒரு மாதம் முன்பு, "இந்த ரூம்ல காவேரிக் காத்து நல்லா வரும். இங்கயே கட்டிக்கோம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி, ஆள் வைத்துக் கூரையில் கொக்கி அடித்துக் கொடுத்தவள் நான். இப்போது அந்தக் கொக்கிக்கு நேர் மேலே ஐந்தடித் தொட்டியை வைத்துத் தண்ணீரையும் திறந்துவிட்டிருந்தேன்.

அவர் குழாயை மூடினார். "எல்லாரும் உள்பக்கம் போயிருங்க, அந்த மூலைல யாரும் நிக்காதீங்க" என்றார். குரல் உயரவில்லை, ஆனால் கணவர், ஃபிட்டர், நான் மூவரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நகர்ந்தோம். அவர் மட்டும் உள்பக்கத்தில் நின்று எட்டி, இரண்டு குழாய்களைத் தொட்டிக்குள் விட்டார். மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, தண்ணீர் வந்ததும் துப்பிவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே தொங்கவிட்டார். மஞ்சள் கலந்த தண்ணீர் தெருவில் கொட்டியது. ஆற்றுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மா அண்ணாந்து பார்த்து, "ஏங்க, ஆடிப்பெருக்கு உங்க வீட்லயேவா?" என்று சிரித்தார். எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

தண்ணீர் முழுக்க இறங்கிய பிறகுதான் அவர் தரையில் உட்கார்ந்தார். டைல்ஸ் இடுக்கில் நூல் மாதிரி ஓடியிருந்த ஒரு கோட்டை விரலால் தடவிக் காட்டினார். பழைய சுவர் நின்ற இடம் அது. "இது பால்கனிங்க. அடில சுவர் தாங்கல. வண்டி வாங்குறதுக்கு முன்னாடி பத்து வருஷம் கான்கிரீட்டுக்கு சென்ட்ரிங் அடிக்கிற வேலை பாத்தேன். தட்டுன சத்தமே சொல்லுச்சு" என்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே" என்று என் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டது.

"சொன்னேனுங்களே" என்றார். அவ்வளவுதான். அதில் ஒரு குத்தல்கூட இல்லை.

கீழே போனேன். அந்தப் பெண் தெருவில், நனைந்த தரையில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். குழந்தையின் முடியில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி இருந்தது. "என்னாச்சுக்கா?" என்று கேட்டாள். புடவைத் தலைப்பால் அந்தத் தலையைத் துடைத்துவிட்டு அழுதேன். அன்று படைத்த சாதத்தை எல்லோரும் கீழ்வீட்டு உள்ளறையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். டிரைவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அது எனக்கு முன்பே தோன்றவில்லை என்பதும் ஒரு வெட்கம்.

மறுநாள் ஓர் இன்ஜினியர் வந்து பார்த்தார். உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது என்றார். "விழுந்திருக்கும்னும் சொல்ல முடியாது, விழுந்திருக்காதுன்னும் சொல்ல முடியாது" என்றார். எனக்கு அது போதும். கீழே தூண் எழுப்பிப் பால்கனியைத் தாங்க வைத்தோம்.

ஒரு மாதம் கழித்துத் தொட்டியைச் சமையலறைச் சுவரை ஒட்டி, பீமுக்கு நேர் மேலே வைத்தோம். நகர்த்த யாரைக் கூப்பிட்டிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. போன் செய்தபோது, "பச்சமலைல மரவள்ளி லோடு ஏத்திக்கிட்டு இருக்கேம்மா, சிக்னல் விட்டு விட்டு வரும். ஞாயித்துக்கிழம வரேன்" என்றவர், "பாப்பா நல்லாருக்குங்களா?" என்றுதான் அடுத்துக் கேட்டார். சொன்னபடி வந்து, இடத்தைத் தட்டிப் பார்த்து, தலையசைத்தார். நான்கு நாட்களில், கால் கால் பங்காகத் தண்ணீர் நிரப்பினோம். பத்து நாள் கழித்து மீன்களும் வந்தன.

அந்த இடம் தென்மேற்கு. வாஸ்து தெரிந்தவர்கள் வந்தால் முகம் சுளிக்கிறார்கள். இலாகாவை நான் எப்போதோ ராஜினாமா செய்துவிட்டேன். கீழ்வீட்டுக் குழந்தைக்கு இப்போது மூன்று வயது. தினமும் மாலை மாடியேறி வந்து, கண்ணாடியில் மூக்கை அழுத்தி, மீன்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறாள். ஒவ்வோர் ஆடிப்பெருக்கு அன்றும் அந்த டிரைவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. எத்தனை முறை நன்றி சொன்னாலும், "தண்ணி கேக்கப் போனதுதாங்க" என்று கைகழுவ எழுந்துவிடுவார்.

பிளம்பரோ, எலக்ட்ரீஷியனோ, வேலைக்கு வந்தவர் யாரானாலும் "இங்கயேவாம்மா?" என்று இழுத்தால், இப்போதெல்லாம் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, என்ன தோணுது, சொல்லுங்க" என்று கேட்டு நிற்கிறேன். அன்று நான் காது கொடுக்காத அந்த ஒரு கேள்விக்குள்தான், இன்று மாடியேறி வரும் அந்தக் குழந்தை இருந்தாள்.