நாட்டுப் பாட்டுக்கு எழுந்து நின்றார்கள்

முருகனை நம்பி வாழும் சொந்தங்களே, போன தைப்பூசத்துக்கு மறுவாரம் என் குரல் போனது. காவடிக்குப் பின்னால் கத்திப் பாடிய கரகரப்பு என்றுதான் நினைத்தேன். என் பெயர் கோகிலா. பெயரில் குயில், தொண்டையில் தவளை என்று என் கணவர் கிண்டல் செய்தார். நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

குரல் நாணில் கட்டி. ஆறு வாரம் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது, அப்படியும் கரையாவிட்டால் ஆபரேஷன், அதற்குப் பிறகு பாட முடியுமா என்று சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

நான் மலேசியாவில் குளுவாங் ஊரில் கித்தார் வாசித்து, அமெரிக்கக் கிராமத்துப் பாணியில் கன்ட்ரி பாட்டு பாடுகிறவள். தமிழில்தான். செம்பனைக் குலை ஏற்றும் லாரி, சிகாமட் வெள்ளம், இருட்டோடு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகும் ஜனங்கள், இதெல்லாம்தான் என் பாட்டு. எழுதுவதும் மெட்டுப் போடுவதும் நான். ஜன்னலில் மெத்தையைச் சாத்தி வைத்து வீட்டு அறையிலேயே பதிவு செய்வதும் நான். பதினோரு வருஷமாக எந்தக் கம்பெனி தயவும் இல்லாமல் நிற்கிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். ஒரே குறை, கல்யாண விருந்தில் பாதிப் பாட்டு போகும்போதே யாராவது, "சினிமா பாட்டு பாடுங்க லா" என்பார்கள். என் சொந்தப் பாட்டை நம் ஜனங்கள் ஒரு தடவைகூட முழுதாகக் கேட்டதில்லை.

அது நடக்காமலே குரல் போய்விடுமோ என்று உடைந்து போனேன். கோயிலில் வாய்விட்டுக் கும்பிடவும் வழியில்லை. அதனால் நோட்டுப் புத்தகத்தில் எழுதி முருகன் முன்னால் விரித்துப் பிடித்தேன். "ஒரே ஒரு பாட்டு. என் பாட்டு. நம்ம ஆளுங்க முழுசா கேக்கணும். அப்புறம் எடுத்துக்கோ."

ஆறு வாரமும் அதே பக்கத்தைத்தான் பிடித்தேன். டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். கட்டி கரைந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்றார். அங்கேயே அழுதேன். குரல் பழைய உயரத்துக்கு ஏறவில்லை, தாழ்ந்து கனத்து வந்தது. பாடிப் பார்த்தேன், எனக்குப் பிடித்திருந்தது.

ஆகஸ்டில் கோயில் மண்டபத்தில் சுதந்திர மாத விருந்து. கன்ட்ரி பாட்டு பாடுகிறேன் என்று கோயில் தலைவரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் அதைத் தமிழாக்கி, 'நாட்டுப் பாட்டு' என்று தாளில் எழுதிவிட்டார். நிகழ்ச்சி நாளில் மைக்கைப் பிடித்தவரும் அவர்தான்.

"அடுத்து நாட்டுப் பாட்டு. எல்லாரும் எழுந்து நில்லுங்க."

மண்டபம் முழுக்க எழுந்தது. அப்பளத்தைக் கடித்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு, தேசிய கீதம் என்று நினைத்து விறைப்பாக நின்றார்கள். கித்தாரை இழுத்துப் பிடித்தேன். முருகா என்று ஆரம்பித்துவிட்டேன்.

"ஹெல்மெட்டுக்குள்ள தூக்கத்த வச்சு பாலத்துல நிக்குற ராசா..."

ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒருவர் உட்காரப் போனார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, தினமும் அந்தச் சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவள், அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். கடைசி வரி வரை ஒருவரும் உட்காரவில்லை.

தலைவர் மேடைக்கு வந்து, "தப்பா எழுதிட்டேன் போலம்மா" என்றார்.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க. நம்ம நாட்டுல நடக்கறதத்தானே பாடுனேன்" என்றேன்.

நம் ஜனங்கள் கேட்க வேண்டும் என்றுதான் நான் வேண்டினேன். முருகன் அவர்களை நிற்க வைத்துக் கேட்க வைத்தான். இப்போது என்னை அழைக்கிறவர்கள் என் பாட்டைத்தான் பாடச் சொல்கிறார்கள். உங்களுக்கும் ஏதாவது அடைத்துக் கிடந்தால் அவனிடம் கொண்டு போங்கள். வாய் வராவிட்டால் எழுதிக் காட்டுங்கள், அவன் படிப்பான். ஆனால் என்னைப் போல் பயந்து பேரம் பேசாதீர்கள். விருந்துக்கு மறுநாள் காலையிலேயே நோட்டைத் திறந்து, 'அப்புறம் எடுத்துக்கோ' என்ற வரியை அடித்துவிட்டேன்.