உடைத்தும் போகாத படம்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். பெரிய படிப்பு படித்தவர்கள் கட்டுகிற இணையத் தளங்களைப் பற்றி நான் எழுதுவது அதிகப்பிரசங்கமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அப்போது உத்திரமேரூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஜெராக்ஸ் எடுக்கும் வேலை எனக்கு. பிள்ளைகள் எல்லோரும் நட்புத் தளம் ஒன்றில் பக்கம் வைத்திருந்த காலம். பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தியின் படத்தை எடுத்து, அவள் பெயரிலேயே யாரோ ஒரு பொய்ப் பக்கம் திறந்துவிட்டார்கள். படத்துக்குக் கீழே வாய் கூசும் வார்த்தைகள். அவர்கள் வீட்டில் எல்லோரும் கழனி வேலை செய்பவர்கள்; கல்லூரிக்குப் போன முதல் பிள்ளை அவள்தான். "அந்தப் படம் போனாதான் காலேஜு" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

அன்று மாலை அவள் அண்ணன் கடப்பாரையோடு கடைக்குள் வந்தான். அவள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"எந்த மிஷின்ல கீது என் தங்கச்சி படம்?"

"தம்பி, படம் இங்க இல்லப்பா. அது எங்கயோ அமெரிக்காவுல கீது" என்றார் கடைக்கார பாய்.

"அவ மெட்ராஸயே பாத்ததில்ல. அவ படம் மட்டும் அமெரிக்கா போச்சா? யாருக்கு பாய் காது குத்துற?"

முதல் அடியில் ஒரு திரை வெடித்தது. அதன் முன்னால் உட்கார்ந்திருந்த பையனின் கன்னத்தில் கண்ணாடி ஏறி, ரத்தம் கீபோர்டில் சொட்டியது. தடுக்கப் போன பாயின் மணிக்கட்டு முறிந்த சத்தம் ஜெராக்ஸ் மிஷினையும் மீறிக் கேட்டது. வரிசையாக எல்லாவற்றையும் உடைத்தான். பாயின் மேசையில் இருந்தது மட்டும் தப்பியது.

"முடிஞ்சிது. இனிமே எவன் பாப்பான்" என்றான், மூச்சு வாங்கிக்கொண்டே.

பாய் வலியில் முனகியபடி அந்தத் திரையைக் காட்டினார். "நீயே பாரு."

நான் பக்கத்தைத் திறந்தேன். படம் இருந்தது. அதன் கீழே புதிதாக ஒரு வசவும் சேர்ந்திருந்தது.

வசவு எழுதும் பெட்டி திரையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. புகார் சொல்லும் இடத்தைத் தேடினோம், தேடினோம். கடைசியில் அந்தப் பெண்தான் கண்டுபிடித்தாள். பக்கத்தின் அடியில், எறும்பு அளவு ஆங்கில எழுத்தில் இருந்தது. அழுத்தினாள். நன்றி என்று வந்தது. படத்தை எப்போது நீக்குவார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

அந்தப் பொத்தானைத் தமிழில், படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கலாம். புகார் வந்ததும் படத்தை மறைத்துவிட்டு, பிறகு விசாரித்திருக்கலாம். அடுத்தவர் படத்தைப் போடும்போதே, இது யார் படம் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

"நன்றியா சொல்றான்" என்று அவன் மறுபடி கடப்பாரையை ஓங்கினான். நான் எப்படியோ குறுக்கே போய் நின்றுவிட்டேன். தள்ளிவிட்டான், மேசை முனை விலாவில் குத்தியது. அதற்குள் வெளியில் நின்றவர்கள் உள்ளே புகுந்து அவனைக் கீழே போட்டு மிதித்தார்கள். "வுட்டுடுங்க, எங்க அண்ணன்" என்று அவள் அவன்மேல் விழுந்தாள். அவளுக்கும் உதை விழுந்தது.

மறுநாள் காலை அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. காலேஜுக்குப் போகும் காஞ்சிபுரம் பஸ்ஸில் அவள் ஏறவில்லை.